அன்னாளுக்கு அளவு சொன்னது யார்?

குற்றம் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பாடசாலை விட்டு இருபதாவது நிமிடத்தில், சாய்ந்தமருது பிரதான வீதியில், பட்டப்பகலில்.

செய்தவள் சுஜித்தா டீச்சர். வயது ஐம்பத்தொன்று. இருபத்தாறு வருட ஆசிரியப் பணியில் ஒரு சோக்குக் கட்டியைக்கூட வீட்டுக்குக் கொண்டு போகாதவள். சபையில் யாராவது பாட்டுப் புத்தகத்தை மறதியாக எடுத்துப் போய்விட்டால், "பரவாயில்ல, ஆண்டவருக்குத் தெரியும்" என்று சிரித்தே அவர்களைப் பாவியாக்கிவிடுகிறவள். அப்பேர்ப்பட்டவள், ஒரு பழைய வெள்ளைச் சட்டையைக் காகிதப் பைக்குள் திணித்து, ஸ்கூட்டியின் முன்கூடையில் வைத்துக்கொண்டு, கல்முனைச் சந்தியில் இரண்டு தரம் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

யாரும் தொடரவில்லை. காதோரம் நரைத்த ஒரு டீச்சரை யார் தொடரப் போகிறார்கள்? அவளுக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

திட்டம் இதுதான். சுஜித்தாவின் ஒரே மகன் சுலக்சன், பத்தொன்பது வயது, வருகிற திங்கட்கிழமை மலைநாட்டில் ஓர் இறையியல் கல்லூரியில் சேரவேண்டும். போதகர் படிப்பு. கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தில் ஒரு வரி இருந்தது. கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே நிற்கும் வெள்ளை அங்கி இரண்டு கொண்டுவர வேண்டும்; முதல்நாள் ஆராதனைக்கு அங்கியில்லாமல் வருகிறவர் அடுத்த வருடம் வரலாம். அந்த வரியைச் சுஜித்தா பதினேழு தரம் வாசித்தாள். பதினேழாவது தரத்தில் அவளுக்குள் ஒரு கெட்ட மனுஷி எழுந்து உட்கார்ந்தாள்.

அங்கி கடையில் தொங்காது, தைக்கத்தான் வேண்டும். கால்வரை நீளுகிற வெள்ளை உடுப்பைச் சுருக்கமில்லாமல் நேர்கோடாக இறக்கித் தைக்க அந்தக் கரையோரத்தில் ஒரே ஒரு கைதான் உண்டு. சாய்ந்தமருது கமீலாவின் கை. சுற்றுவட்டார மௌலவிமாரில் பாதிப்பேரின் ஜுப்பா அவளுடைய மெஷினில் பிறந்தது. போன போதகரின் அங்கியும் அங்கேதான். "கழுத்துப் பட்டி மட்டுந்தானே வேற" என்பாள் கமீலா.

அவளிடம் அளவுக்கு மகனுடைய நாலு வருடப் பழைய சட்டையைக் கொடுத்துவிட வேண்டியது. சனிக்கிழமை பின்னேரம் அங்கி வரும். பையனின் தலை நுழையும், தோள் நுழையாது. மறுபடி தைக்க நேரமில்லை. ஒரு வருடம் கையில். பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒரு வருடத்தில் பையனின் மனசு மாறலாம். கல்லூரியையே மூடிவிடலாம். மலை சரியலாம். ('ஆண்டவரே, ஆருக்கும் காயமில்லாம' என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.)

எல்லாம் கச்சிதம். ஒரேயொரு சிக்கல். இந்தப் பிள்ளையை ஊழியத்துக்குத் தருகிறேன் என்று ஆண்டவரிடம் வாக்குக் கொடுத்ததே சுஜித்தாதான்.

*

இருபது வருடத்துக்கு முந்திய கதை அது. கல்யாணம் முடித்து ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. சபையில் செல்லத்தங்கம் அக்கா தன் ஐந்து பிள்ளைகளையும் ஒரே வாங்கில் வரிசையாக இருத்திவிட்டு, "நீயும் கவலப்படாதகா, ஆண்டவர் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு" என்பாள். அதைச் சொல்ல அவளுக்கு ஒவ்வொரு ஞாயிறும் நேரமிருந்தது.

ஒரு புதன்கிழமை சுஜித்தா ஆலயத்துக்குத் தனியாகப் போனாள். வேதத்தில் பிள்ளையில்லாத அன்னாள் செய்ததைச் செய்தாள். தரையில் விழுந்து, சத்தம் வராமல் உதடு மட்டும் அசைய அழுதாள். 'ஒரு ஆண் பிள்ளையத் தாருங்க, அவன உங்களுக்கே தாறன்.' அன்னாளைப் பார்த்து ஆசாரியன் ஏலி, குடிவெறி என்று நினைத்தாராம். சுஜித்தாவைப் பார்த்தது ஆலயம் கூட்டுகிற குணம் என்கிறவர். அவர் வயிற்றுக் காஸ் என்று நினைத்தார். ஓடிப்போய் ஒரு போத்தல் சோடா வாங்கி வந்தார். சோடாவைக் குடித்துக்கொண்டே அவள் குணத்திடம் அந்த வாக்கை, பொருத்தனையைச் சொல்லித் தொலைத்தாள். பொழுதுபடுவதற்குள் சபை முழுக்கத் தெரிந்தது.

அடுத்த வருடம் பிள்ளை பிறந்தது. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில், அன்னாளின் பிள்ளையின் பெயரையும் சேர்த்து, 'சாமுவேல் சுலக்சன்' என்று பதிந்தாள். சாமுவேல் ஆண்டவருடைய பங்கு, சுலக்சன் தன்னுடைய பங்கு. அன்றிலிருந்து இன்றுவரை சாமுவேல் என்று அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

ஆனால் கதை சொல்வதில் ஒரு குறையும் வைக்கவில்லை. வருடாவருடம் அன்னையர் ஞாயிறன்று அன்னாளின் கதையைச் சொல்ல சுஜித்தாவைத்தான் மேடைக்கு அழைப்பார்கள். சின்னஞ்சிறு சாமுவேலை ஆலயத்தில் விட்டுவிட்டு அன்னாள் திரும்பி நடக்கிற இடத்தில் குரலைத் தழைப்பாள். ஆண்கள்கூட மூக்கை உறிஞ்சுவார்கள். உடனே அன்னாளின் துதிப்பாட்டு, ஆமென், தேநீர். மட்டக்களப்பிலிருந்துகூட இரண்டு தரம் கூப்பிட்டார்கள். 'நம்ம அன்னாள்' என்று பெயர். அந்தப் பெயரை அவள் வேண்டாம் என்று சொன்னதுண்டு, கேட்கிற மாதிரியல்ல.

மகனிடம் மட்டும் பேச்சே எடுக்கவில்லை. ஆண்டவருக்கு எத்தனையோ வேலை, மறந்திருப்பார் என்று ஓர் எண்ணம். பிறகு இந்த மாசியில், சோற்றுக்கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு, "அம்மா, நான் போதகப் படிப்புக்குப் போகப்போறன்" என்றான் பையன். "ஸ்தோத்திரம்" என்றது சுஜித்தாவின் வாய். வயிற்றில் வேறென்னவோ நடந்தது. காஸ் இல்லை.

*

கமீலாவின் கடை வீட்டு முன்னறைதான். மெஷின் வீதியைப் பார்த்திருக்கும்.

"வாங்க டீச்சர், இரிங்க. மகன்ட அங்கிதானே? போதகர் ஐயா சொன்னாரு. புள்ள எங்க, அளவெடுக்க?"

"அவனுக்கு நேரமில்ல கமீலா. இந்தச் சட்டை அவனுக்கு அச்சொட்டாப் பொருந்தும். இதுக்குக் கீழ இருபத்தஞ்சு இஞ்சி இறக்கினாச் சரி."

கமீலா சட்டையைத் தூக்கிப் பிடித்தாள். சட்டையைப் பார்த்தாள். சுஜித்தாவைப் பார்த்தாள்.

"சின்னனா இரிக்கே டீச்சர்."

"அவன் மெலிஞ்சவன்."

"நெடுப்பமும் கொறவா?"

"ஓம்... கூனிக்கொண்டு நடப்பான்."

ஐந்தடி பத்தங்குலப் பிள்ளையைக் கூனனாக்கிவிட்டு, சுஜித்தா துணியையும் வைத்துவிட்டு எழும்பினாள். வெயிலுக்குள் வந்து ஸ்கூட்டியைக் கிளப்பினாள். துப்புத் துலக்க ஒன்றுமேயில்லை என்று நினைத்தாள். எல்லாக் குற்றவாளிகளும் அப்படித்தானே நினைக்கிறார்கள்.

*

வியாழக்கிழமை இடைவேளையில் தொலைபேசி அடித்தது.

"டீச்சர், ஸ்கூல் உட்டுப் போகக்கொள ஒருக்கா வந்துட்டுப் போங்க."

"என்ன கமீலா, துணி காணாதா, இன்னும் வேணுமா?"

"துணி காணும். நீங்க வாங்களன்."

நாலாம் பாடத்தில் சுஜித்தா ஏழெட்டை ஐம்பத்துநாலு என்று சொல்லிக் கொடுத்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் திருத்தினார்கள்.

கடையில் துணி வெட்டப்படவேயில்லை. மேசையில் அந்தப் பழைய சட்டை மட்டும் விரிந்து கிடந்தது, சவச்சாலையில் கிடத்தியதுபோல. கமீலா கழுத்துப் பட்டியைப் புரட்டினாள். உட்பக்கம், அழியாத நீல மையில், ஆரம்பப் பிரிவு டீச்சரின் குண்டு குண்டான அழகிய கையெழுத்தில்: சுலக்சன், 10 பி.

'பெற்றோர்களே, பிள்ளைகளின் உடுப்பில் பெயரும் வகுப்பும் எழுதி விடுங்கள்.' இருபத்தாறு வருடம் கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னவள் அவள்தான். சொன்னதைச் செய்தும் காட்டியிருந்தாள்.

"புள்ள ஏ.எல் சோதின எழுதி முடிச்சிட்டான் எண்டு நீங்கதானே சீனி போட்ட பால் தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இந்தக் கதிரையில இரிந்து சொன்ன?" என்றாள் கமீலா. "இது பத்தாம் வகுப்புச் சட்டை."

"மாறி... மாறி எடுத்திட்டு வந்திருப்பன்."

"டீச்சர்."

"அலுமாரியில எல்லாம் ஒரே வெள்ளை..."

"டீச்சர், நான் துணி வெட்டுற பொம்புள. வகுப்புல புள்ளையள் சொல்ற பொய் உங்களுக்குப் புடிபடாதா? அப்பிடித்தான் எனக்கும்."

சுஜித்தா கதிரையில் பொத்தென்று இருந்தாள். வாக்குமூலம் கொடுக்க இரண்டு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. சொல்லி முடித்ததும் கமீலா சிரிக்கத் தொடங்கினாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை.

"கூனன் எண்டீங்களே, அந்தப் புள்ளய!"

"சிரி, சிரி. ஊருக்கெல்லாம் அன்னாள் கதை சொல்ற பொம்புளைக்கு இது காணாது."

"அந்தக் கதைய எனக்கும் ஒருக்காச் சொல்லுங்களன். எல்லாரும் கேட்டழுததாம். நான்தான் கேக்கல்ல."

பழக்க தோஷம். மேடை என்றால் மேடை, தையல் மேசை என்றால் தையல் மேசை. சுஜித்தா சொன்னாள். கமீலா ஊசியில் நூலைக் கோத்தபடி கேட்டாள். பிள்ளையில்லாத அழுகை வந்தபோது தலையாட்டினாள். பொருத்தனை வந்ததும், "எங்கட மர்யம் அலைஹஸ்ஸலாம்ட உம்மாவும் இப்பிடித்தான், வயித்துல இரிக்கக்கொளயே அல்லாஹ்வுக்கு எண்டு நேந்தாங்க" என்றாள். பையனை ஆலயத்தில் விடுகிற இடத்தில் சுஜித்தா குரலைத் தழைத்தாள். கமீலா அழவில்லை.

"மறுகா? அதுக்குப் பொறகு?"

"மறுகா என்ன, ஆண்டவரைத் துதிச்சுப் பாடினா."

"பாட்டு முடிஞ்சி ஊட்டுக்குத் திரும்பிப் பெய்த்தா. மறுகா?"

இருபது வருடத்தில் சுஜித்தா அந்தப் பாட்டைத் தாண்டிப் போனதில்லை. அதற்குப் பிறகு தேநீர்தான். நினைவைக் கிண்டிப் பார்த்தாள். அதே பக்கத்தில், கொஞ்சம் கீழே, ஒரு சின்ன வரி.

"வருஷத்துக்கு ஒருக்கா, ஆலயத்துக்குப் போகக்கொள, மகனுக்கு ஒரு சின்ன அங்கி தைச்சுக் கொண்டு போவா. ஒவ்வொரு வருஷமும்."

கமீலாவின் கை நின்றது.

"அளவு எப்பிடித் தெரியும்?"

"என்ன?"

"புள்ள அங்க. உம்மா இங்க. வருசத்துக்கு ஒருக்காத்தான் காண்ற. வளர்ற புள்ள. ஆர் டீச்சர் அளவு சொன்ன?"

மட்டக்களப்பில் நானூறு பேர் கேட்ட கதை. மூன்று போதகர்கள் பாராட்டிய கதை. ஒருவரும் இதைக் கேட்கவில்லை. சுஜித்தாவுக்கும் தோன்றவில்லை.

"தெரியா" என்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் கமீலா.

அவளுடைய மூத்தவன் நிப்றாஸ், குர்ஆனை மனனம் செய்கிற மத்ரசாவுக்குப் போகும்போது பதினொரு வயது. அதுவும் மலைநாட்டுப் பக்கம். நோன்புக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும்தான் வீட்டுக்கு வருவான்.

"மொத நோன்புக்கு வரக்கொள, போன அளவுலயே ஜுப்பா தெச்சி வெச்சிரிந்தன். ஊருக்கெல்லாம் அளவு பாத்துத் தெக்கிற எனக்கு, புள்ள வளருவான் எண்டு தெரியாதா? தெரியும் டீச்சர். கைதான் கேக்கல்ல. அவன் கைய உட்டான், கக்கத்துல கிழிஞ்சிச்சி. 'உம்மா, நான் வளந்திட்டன்' எண்டு சந்தோசமாச் சொல்றான். நான் குசினிக்குள்ள பெய்த்து அழுத." அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டாள். "அடுத்த வருசம் கோவத்துல பெருசாத் தெச்சன். அவன்ட வாப்பா காலிதீன் போட்டாலும் காணும். மறுகாதான் புத்தி வந்த. அவனோட ஒண்டாப் படிச்ச புள்ளையள் இஞ்ச உடுப்புத் தெக்க வருவானுகள். ஒவ்வொருத்தன்ட தோளயும் அளந்து மனசுல வெப்பன். அதோட ரெண்டு விரல் கூட்டுவன், அவன் வாப்பாட வாட்டம் எண்டதால. கீழ மடிப்புல நாலு விரல் உட்டுத் தெப்பன், வளத்தி கூடிப் பெய்த்தா இறக்கலாம். இந்த ஹஜ்ஜுக்குத் தெச்சது கச்சிதம். அல்ஹம்துலில்லாஹ்."

"அழல்லியா?"

"கச்சிதமா இரிந்தாலும் அழுகதான். அது வேற அழுக." கமீலா அளவு நாடாவை எடுத்துச் சுஜித்தாவின் கையில் வைத்தாள். "பெய்த்து அளந்துக்கு வாங்க. நாளைக்கு ஜும்ஆக்கு முன்ன தந்தாத்தான் சனிக்கு ஏலும். இல்லாட்டி இந்தப் பத்து பியிலயே வெட்டிருவன். நீங்க சொன்ன அளவு, நீங்க சொன்ன வேல. கேட்டா நான் 'டீச்சர்தான் தந்த' எண்டு சொல்லுவன்."

*

வீட்டுக்கு வந்தபோது சுலக்சன் குசினியில் நின்றபடியே பாண் தின்றுகொண்டிருந்தான். சுஜித்தாவின் கணவன் ஜீவராஜ், நீர்ப்பாசன அலுவலகத்திலிருந்து வந்து, சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நேரா நில்லு மகன்."

நின்றான். தோளை அளக்க அவளுக்கு எட்டவில்லை. கடைசியாக அளந்தபோது அவள் குனிந்திருந்தாள். இப்போது மா இடிக்கிற உரலுக்குப் பக்கத்தில் கிடந்த சின்ன வாங்கை இழுத்துப்போட்டு ஏறினாள். பதினெட்டு அங்குலம். சட்டையில் பதினாலரை. மூன்றரை அங்குலத்தை அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தாள்.

வாங்கில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஜீவராஜ் ஒரு சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அங்கி பத்தாட்டி நம்ம போதகர் ஐயாட அங்கிய ரெண்டு நாளைக்கு இரவல் வாங்கியிருப்பமே" என்றார் நிதானமாக. "அவரும் இவன்ட உசரந்தானே."

அபாரமான திட்டம் அந்தச் சப்பாத்தோடு சேர்ந்து தரையில் விழுந்தது.

"நான் வாக்குக் குடுத்தனான்டா" என்றாள் மகனிடம். வாங்கிலிருந்து இறங்கத் தோன்றவில்லை. அங்கிருந்துதான் அவன் முகம் நேராகத் தெரிந்தது. "குடுத்திட்டுக் களவாப் பறிக்கப் பாத்தன். என்ட பொருத்தனைக்காக நீ உன்ட படிப்பை விட்டிட்டுப் போறாய், நான்..."

"எந்தப் பொருத்தனை?"

"எந்தப் பொருத்தனையா?"

"ஓ... அதுவா." பாணை விழுங்கினான். "அம்மா, கோவிக்காதீங்க. நான் அதுக்காகப் போகல்ல. அது நினைவே இல்ல."

சுஜித்தாவுக்கு ஒரு கணம் ஆறுதல். அடுத்த கணம் கடுங்கோபம். இருபது வருடம் மேடை மேடையாக அழுதிருக்கிறாள், நினைவே இல்லையாம்!

"அப்ப என்னத்துக்குப் போறாய்?"

"குணம் மாமா சாகிறதுக்கு முந்தி மூணு கிழமை ஆஸ்பத்திரியில கிடந்தாரே. அவருக்கு ஆரும் இல்லையெண்டு நான்தானே போய் இருந்தன். முதல்நாள் சரியாப் பயந்துபோய்க் கிடந்தாரு. நான் ஒண்டும் செய்யல்ல, வேதம் வாசிச்சன், கையப் புடிச்சன். பயம் போயிட்டு. ஒரு மனுசன் பயந்து கிடக்கக்கொள பக்கத்துல இருக்கிற வேலை எனக்குச் சரிவருது அம்மா. பாலம் கட்ட நிறையப் பேர் இருக்காங்க."

சுஜித்தா அளவு நாடாவை மெல்லச் சுருட்டினாள்.

"உங்கட பொருத்தனையப் பத்தியும் சொன்னாரு" என்றான் சுலக்சன். உதட்டோரத்தில் சிரிப்பு முட்டியது. "'உங்கம்மாக்கு அண்டைக்கு காஸ் எண்டுதான் மகன் நான் இன்னும் நம்புறன்' எண்டாரு."

ஜீவராஜ்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். வாங்கு ஆடியது. விழப்போன அம்மாவை மகன் இரண்டு கையாலும் பிடித்து, சீனிச் சாக்கை இறக்குவதுபோல இறக்கி வைத்தான். அந்தத் தோளில் முகம் பதிந்தபோது அளவு சரிதான் என்று தெரிந்தது. பதினெட்டு.

*

ஞாயிறு வழியனுப்பு ஆராதனை. வெள்ளை அங்கியில் சுலக்சன் முன்னால் நின்றான். கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே, நேர்கோடு. பின் வாங்கில், சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டபடி கமீலா உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைப் பார்க்கவல்ல, அங்கி முதுகில் எப்படி விழுகிறது என்று பார்க்கத்தான் வந்தாளாம்.

சுஜித்தாவைக் கதை சொல்லக் கூப்பிட்டார்கள். அன்னாள் திரும்பி நடக்கிற இடம் வந்தது. குரலைத் தழைக்க மறந்துபோனாள். துதிப்பாட்டு வந்தது. சபை ஆமெனுக்கு வாயைத் திறந்தது.

"பொறுங்க, இன்னும் இருக்கு" என்றாள் சுஜித்தா.

அங்கியைப் பற்றிச் சொன்னாள். சாமுவேலை அன்னாள் ஒருதரம் கொடுத்தாள் என்றுதான் இத்தனை வருடமும் சொன்னேன், அது பிழை, ஒவ்வொரு வருடமும் துணியை வெட்டும்போது கொடுத்திருக்கிறாள் என்றாள். தைத்ததைவிடப் பிள்ளை வளர்ந்திருப்பான் என்று நம்பித் தைப்பதுதான் அவளுடைய விசுவாசம் என்றாள். பிறகு பத்து பி சட்டையின் கதையையும் ஓர் எழுத்து விடாமல் சொன்னாள். சபை விழுந்து விழுந்து சிரித்தது. ஒருவரும் அழவில்லை. செல்லத்தங்கம் அக்கா மட்டும் மூக்கைத் துடைத்தாள். அவளுடைய ஐந்து பேரும் இப்போது ஐந்து நாட்டில்.

"போய்ட்டு வா, சாமுவேல்" என்று முடித்தாள் சுஜித்தா. பையன் திடுக்கிட்டுத் திரும்பினான், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று.

*

மார்கழி விடுமுறைக்கு அவன் வரும்போது புது அங்கி தயாராக இருக்க வேண்டும். துணி வாங்கியாயிற்று. கமீலா தையல் சொல்லிக் கொடுக்கிறாள், வாரத்துக்கு இரண்டு நாள். முதல் மாதத்தில் சுஜித்தா தைத்த அங்கிக் கைகளில் ஒன்று உள்ளே பார்த்தும் ஒன்று வெளியே பார்த்தும் இருந்தது.

ஐப்பசியில் பாடசாலைக்கு ஸாஜித் என்றொரு பயிற்சி ஆசிரியர் வந்தார். இருபது இருபத்தொரு வயதிருக்கும், சுலக்சனைப் போல நல்ல உயரம். முதல்நாள் ஆசிரியர் அறைக்குள் வந்து, "அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர், காலை வணக்கம்" என்று இரண்டையும் சொன்னார். சுஜித்தா தலையை நிமிர்த்தினாள். கண்ணாடிக்கு மேலால் அவருடைய தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன டீச்சர்? சட்டையில ஏதும் பட்டிருக்கா?"

"ஒண்டுமில்ல மகன்" என்றபடி சுஜித்தா கைப்பையைத் திறந்து அளவு நாடாவை வெளியே எடுத்தாள். "ஒருக்கா நேரா நில்லுங்க பாப்பம்."